ஒரு ரூம் வீட்டுக்கும் இடம் வேண்டும்

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு இல்லாத சொசைட்டி மும்பையில் இப்போது குறைவு. எங்கள் பக்கத்தில் 32 குடித்தனங்கள் உள்ள ஒரு சொசைட்டி, பில்டரிடம் கொடுக்காமல் தாங்களே கட்டிக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறது. பாதிப் பேர் நம்மவர்கள். ரயில்வே, தபால், துறைமுகம் என்று உழைத்து ஓய்வு பெற்றவர்கள். பாராட்ட வேண்டிய காரியம்தான்.

ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரே ரகளை. எத்தனை வீடு சிறிது, எத்தனை வீடு பெரிது என்பதுதான் தகராறு.

"எல்லாமே டூ பெட்ரூம்" என்றது ஒரு கோஷ்டி. நாளைக்கு நல்ல விலை போகுமாம். கைதட்டலும் அவர்களுக்குத்தான். பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். கணவர் காலமாகி, குடும்பப் பென்ஷனில் இருப்பவர். "எனக்கு ஒரு ரூம் போதும்ப்பா. கூடுதல் இடத்துக்குக் கட்டப் பணம் ஏது?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரு ரயிலில் எல்லாப் பெட்டியும் முதல் வகுப்பாக இருந்தால் நம்மில் எத்தனை பேர் ஊருக்குப் போக முடியும்?

சிறு வீடுதான் உசத்தி என்று நான் சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஏழு பேராக வளர்ந்தவன் நான். வயது வந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டு அறை அவசியம். வொர்லி பி.டி.டி. சால்களில் 160 சதுர அடி அறையில் இருந்தவர்களுக்கு 2025 ஆகஸ்டில் 500 சதுர அடி வீட்டின் சாவி கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். அது சர்க்கார் திட்டம், எல்லாருக்கும் ஒரே அளவு. இங்கே கூடுதல் அடிக்கு அவரவர் பையிலிருந்து பணம் போக வேண்டும். 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2022-ல் மும்பை மாநகராட்சியில் சொத்து வரி விலக்குக் கிடைத்ததையும் கைதட்டியவர்கள் யோசிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்ச்மேன் சம்பளம், லிப்ட் செலவு இரண்டும் சொசைட்டி விதிப்படி வீட்டுக்கு வீடு சமமாகத்தான் பிரிகிறது, அளவைப் பார்த்து அல்ல. ஒரே கட்டடத்தில் 60 வீடு வந்தால் 60 பங்கு. எல்லாவற்றையும் பெரிதாக்கி 44 ஆக்கினால், அந்த அம்மாள் தலையில் மட்டுமல்ல, பெரிய வீட்டுக்காரர் தலையிலும் பாரம் ஏறும்.

ஆகவே ஆர்க்கிடெக்ட் கோடு போடுவதற்கு முன் வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். இப்போது எத்தனை பேர், பத்து வருஷம் கழித்து எத்தனை பேர், எவ்வளவு பணம் போட முடியும். கூட்டத்தில் கேட்டால் வறுமையை யார் சொல்லுவார்? சீட்டை மூடி வாங்குங்கள். சிறு வீடுகளை ஒரு மூலையில் ஒதுக்காமல் மாடிதோறும் பெரிய வீட்டை ஒட்டி வையுங்கள். மகன் ஒரு வீட்டிலும் பெற்றோர் அடுத்த கதவிலுமாக இருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் பிளானை முடிவு செய்யப் போகிறார்களாம். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 32 சீட்டு எழுதி வாங்க இரண்டு நாள் போதும்.