பேரனின் அறுபது சீட்டு

போன மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேரன், துணிமணியைவிட அதிகமாகச் சீட்டுகளைக் கொண்டுவந்தான். ஆர்ட்டின், டயமன், கிளாவர், ஸ்பேடு எல்லாம் இல்லை. போகிமான் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு விநோத மிருகத்தின் படம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் அதன் பலம், அடி, விதி. சாப்பாட்டு மேசை, ஊஞ்சல் பலகை, என் நாற்காலி என்று வீடு முழுக்க அவைதான்.

மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து நானும் அவனும் ஆடிக்கொண்டிருந்ததைத் தெருவில் போன யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலை டீக்கடையில் ஒரு பெரியவர், “என்ன வாத்தியாரே, சின்னப் பையனுக்குப் போய்ச் சீட்டாட்டம் சொல்லித் தர்றீங்களாமே?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பெஞ்சில் இருந்த நாலு பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடாத நேரமுமில்லை, சீட்டுக்கட்டு இல்லாத மரத்தடியுமில்லை என்று ஒரு காலம் இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது என் அப்பா என் கையிலிருந்த கட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். அது பழைய கதை. புதிய கதை, எனக்கு நெருங்கிய சொந்தத்தில் ஒரு பையன் கைப்பேசியில் ரம்மி ஆடி, சம்பளம், பைக், மனைவியின் நகை என்று வரிசையாக இழந்தது. அந்தக் கடனை அடைக்க அவன் அப்பா நிலத்தை விற்றார். பத்திரம் எழுதும்போது நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஆகவே சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களிடம் எனக்குக் கோபம் வராது. ஆனாலும் அந்தப் பெரியவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார் என்பதே என் கட்சி. டீ ஆறுவதற்குள் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

ரம்மியில் 13 சீட்டு கைக்கு வரும். பிறகு முறைக்கு ஒன்று எடுக்கிறோம், ஒன்று போடுகிறோம். எல்லாருக்கும் ஒன்றுதான். கட்டும் பொதுக் கட்டு, அதில் என்ன இருக்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை. பேரனின் விளையாட்டில் அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொண்டு வர வேண்டும். சரியாக 60 சீட்டு. அடிப்படை எனர்ஜிச் சீட்டு தவிர ஒரே பெயருள்ளது நாலுக்கு மேல் கூடாது. ஆரம்பத்தில் கைக்கு 7, பரிசுச் சீட்டு என்று கவிழ்த்து ஒதுக்குவது 6. எதிராளியின் மிருகத்தை வீழ்த்தும்போது நம் பரிசுச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயித்தார். இன்னொரு விதியும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பேரன் முதலில் அமைத்திருந்த கட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சாரிசார்ட் என்ற நெருப்பு டிராகன் நாலு. அதை நேரடியாகக் களத்தில் இறக்க முடியாது. முட்டை, தலைப்பிரட்டை, தவளை மாதிரி, முதலில் சார்மேண்டர், அதன்மேல் சார்மீலியன், அதன்மேல்தான் சாரிசார்ட். இவனிடம் சார்மேண்டர் ஒன்றே ஒன்று! மீதியெல்லாம் இதேபோலப் பார்க்கப் பயங்கரமான பூதங்களும் எனர்ஜியும். கையில் நாலு டிராகன் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தான். “எனக்கு லக்கே இல்ல தாத்தா” என்று அழாத குறை.

முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனிடம் வந்து லக் என்றால் விடுவேனா? ஒரு பழைய நோட்டை எடுத்தேன். அந்த ஒற்றைச் சார்மேண்டர் முதல் ஏழில் வருவதற்கு 60-ல் 7 வாய்ப்பு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. பரிசுச் சீட்டு ஆறுக்குள் போய் ஒளிந்துகொள்ள 60-ல் 6, பத்து ஆட்டத்தில் ஒன்று. அதையே நாலு வைத்தால்? முதல் ஏழில் ஒன்றாவது வர நூற்றுக்கு 40. இது பரவாயில்லை, ஆனால் போதாது.

இங்கேதான் நான் இந்த விளையாட்டில் மயங்கிப்போனேன். அதே கட்டில் ‘பேராசிரியரின் ஆராய்ச்சி’ என்றொரு சீட்டு உண்டு. கையில் உள்ளதையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டு புதிதாக 7 எடுத்துக்கொள்ளலாம். ஆக நாம் பார்த்த சீட்டு 14. நாலில் ஒன்று கண்ணில் படும் வாய்ப்பு 40-லிருந்து 66 ஆகிறது. அடுத்த முறை இன்னொரு ஏழு எடுத்தால் 21 சீட்டு, வாய்ப்பு 83. சீட்டைக் குலுக்கியவன் மாறவில்லை, அதிர்ஷ்டம் மாறவில்லை, அதிகம் பார்த்தோம், அவ்வளவுதான். பிபாரல் என்று பல் துருத்திய ஒரு பிராணி இருக்கிறது. பார்க்க அசடு. சண்டைக்கு லாயக்கில்லை. ஆனால் அது களத்தில் இருந்தால் நம் முறைதோறும் கையில் 5 சீட்டு ஆகும்வரை எடுத்துக்கொள்ளலாம். பேரன் அதைக் குப்பை என்று ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கி வைத்திருந்தான்! பூதங்களில் பாதியைக் கழற்றிவிட்டு இந்த அசடுகளையும் பேராசிரியர்களையும் சேர்க்க வைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சாரிசார்டை எடுத்து வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஆட்டுக்குட்டியை விற்கிற வீட்டில் பிள்ளைகள் முகம் இருக்குமே, அப்படி.

இந்த வகை விளையாட்டுக்கு முதல் அச்சு, 1993-ல் அமெரிக்காவில் வந்த ‘மேஜிக்’. அதை உண்டாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் (நம்ம ஆள்!). அவரே ஆரம்பத்தில் ஏமாந்த இடம் இதுதான். மிகக் குறைந்த செலவில் மூன்று சீட்டு எடுக்க விடும் ஒரு சீட்டை முதல் பதிப்பில் வைத்தார். பெரிய ராட்சதர்களைவிட அது வலுவானது என்று ஆடியவர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று அநேகமாக எல்லாப் போட்டிகளிலும் அதற்குத் தடை. அனுமதிக்கும் ஒரு வகைப் போட்டியிலும் கட்டுக்கு ஒன்றுதான். ஜப்பானின் யு-கி-ஓவில், சும்மா இரண்டு சீட்டு எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லும் ஒரு பானைச் சீட்டுக்கும் இதே கதி.

அதற்காக எடுத்துக்கொண்டே இருக்கலாமா? அந்தப் பாடத்தை எனக்குப் பேரன் நடத்தினான். என் கணக்குத் தந்த மிதப்பில் நான் அமைத்த கட்டில் பேராசிரியர் நாலு, பிபாரல் கூட்டம் ஒன்று, தேடி எடுக்கும் பந்துச் சீட்டுகள் வேறு. முறைக்கு முறை கை நிறைய அள்ளினேன். நாலு பரிசும் எடுத்துவிட்டேன். அவன் சண்டைக்கே வராமல், குறுக்கே ஒவ்வொன்றாக மிருகத்தை நிறுத்தி நாளைக் கடத்திக்கொண்டிருந்தான். ஒன்பதாவது முறை முடிந்தது.

“தாத்தா, உங்க டேர்ன். எடுங்க.”

“எங்கடா எடுக்கிறது? கட்டே காலி.”

“அப்ப நீங்க தோத்துட்டீங்க.”

நான் முன்பு சொன்ன இன்னொரு விதி இதுதான். முறை தொடங்கும்போது எடுக்கச் சீட்டு இல்லை என்றால் ஆட்டம் போச்சு. அறுபதில் கைக்கு 7, பரிசுக்கு 6 போனால் எடுக்க இருப்பது 47 மட்டுமே. பேராசிரியர் நாலு பேருமே 28-ஐத் தின்றுவிட்டார்கள். இந்தக் கழித்தலைக்கூடச் செய்யாத கணக்கு வாத்தியார் என்று அவன் பாட்டியிடம் போய்ச் சொல்லிக் குதித்தான்.

இப்போது டீக்கடைக்கு வருகிறேன். நம் நாட்டில் சீட்டைப் பற்றிய வழக்கெல்லாம் இது திறமையா, அதிர்ஷ்டமா என்றே நடந்திருக்கிறது. ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதைப் போடுவது என்பதும் திறமை என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் ஒப்புக்கொள்கிறேன், நன்றாக ரம்மி ஆடுபவன் மூளைக்காரன். தமிழக அரசு 2022-ல் நிறைவேற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ஆளுநர், சட்டமன்றம் என்று அலைந்து 2023-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது. எனக்குக் கேட்டால் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எங்கள் சொந்தக்காரப் பையன் திறமை இல்லாமல் தோற்கவில்லை. ஊரில் அவனை ரம்மியில் அடிக்க ஆள் கிடையாது. ஆட்டத்துக்கு ஆட்டம் நடத்துகிறவனுக்கு ஒரு பங்கு போய்க்கொண்டே இருந்தால், எத்தனை சீட்டு எடுத்தாலும் கட்டு கரையத்தான் செய்யும்.

பேரனின் ஆட்டத்தில் யாரும் பணம் வைப்பதில்லை. ஆனாலும் அதில் சூது இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஆட்டத்துக்கு வெளியே. இந்தச் சீட்டுகள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலமாக விற்கிறார்கள். அரிய சீட்டு கிடைக்கும் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கிக் கிழிக்கிறார்கள் பிள்ளைகள். என் மகளிடம் விசாரித்ததில், அவன் பிறந்தநாள் பணம் முழுக்க அப்படித்தான் போயிருக்கிறது. திருவிழாக் கடையில் தங்கக் காகிதம் மாதிரி மினுங்குகிறதே, அவை போலி, ஆடவும் உதவாது. நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்தபோது தெருவில் பொறுக்கினோம், காசு போகவில்லை.

அவனுக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்று. பொட்டலம் கூடாது. என்ன சீட்டு வேண்டும், எத்தனை வேண்டும், ஏன் வேண்டும் என்று நோட்டில் எழுதிக் காட்டினால், அந்தச் சீட்டை மட்டும் தனியாக விற்பவர்களிடம் வாங்கித் தருவேன். அழகான டிராகன்தான் விலை அதிகம். பல்லைத் துருத்திய பிபாரல் சல்லிசு.

டீக்கடைப் பெரியவரிடம் இதில் பாதியைச் சொன்னேன். “என்னமோ போங்க” என்றார். ஆனால் மறுநாள் தன் பேத்தியைத் திண்ணைக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பெண் இரண்டே ஆட்டத்தில் பிபாரலைப் பிடித்துக்கொண்டாள்.

பேரன் சென்னைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் கட்டைப் பற்றித்தான் பேச்சு. எனர்ஜி 12 வேண்டும் என்கிறான் அவன். 10 போதும், அந்த இரண்டு இடத்தில் சீட்டு எடுக்க ஏதாவது வை என்கிறேன் நான். “நீங்க மறுபடியும் கட்டைக் காலி பண்ணப் போறீங்க தாத்தா” என்கிறான்.