கல்யாண வீடியோ ஏற இத்தனை நேரமா?
கோளாறு இன்டர்நெட்டில் இல்லை, வயரில் இருக்கிறது!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது மேலகரம். அங்கே ஒரு வீட்டில் கல்யாணம் முடிந்து, வீடியோவும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் அதைக் கம்ப்யூட்டரிலிருந்து வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றுகிறான்.

"என்னலே, இன்னுமா ஏறுது?"

"இன்னும் 2 மணி நேரம்னு காட்டுதுப்பா."

இந்தப் பேச்சு இப்போது பல வீடுகளில் கேட்கிறது.

இலவசம் போயிற்று

1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி, சுழலும் தட்டுகளில் தகவலைப் பதிந்து வைக்கும் யந்திரத்தை வெளியிட்டது. எடை சுமார் ஒரு டன்! அதில் அடங்கியதோ 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ ஏறக்குறைய அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கல்யாண வீடியோ என்றால் 100 ஜி.பி.யைத் தாண்டுவதும் உண்டு.

படங்களைக் கூகுளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் பலர். 2021 ஜூன் 1 முதல் அந்த அளவில்லாத இலவசம் நின்றது. 15 ஜி.பி.க்கு மேல் போனால் கட்டணம் என்றாயிற்று.

கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தால் போதுமா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தென்காசி மாவட்டமும் தப்பவில்லை. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் பீரோவில் உள்ள ஆல்பமும் போகும், கம்ப்யூட்டரும் போகும்.

ஆகவே சில குடும்பங்கள் வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி வாங்குகின்றன. கடைக்காரர்கள் அதை 'நாஸ்' என்பார்கள். உள்ளே ஒன்றிரண்டு ஹார்டு டிஸ்க். அதை வைஃபை பெட்டியோடு இணைத்துவிட்டால் வீட்டார் எல்லோரும் படம் பார்க்கலாம்.

குழாய் சிறிது

ஐந்தருவியில் தண்ணீர் எவ்வளவு கொட்டினாலும், வீட்டுக் குழாய் சிறியதாக இருந்தால் குடம் நிறைய நேரமாகத்தான் செய்யும். இங்கேயும் அதே கதைதான்.

விளம்பரத்தில் வருவது 'மெகாபிட்'. படத்தின் அளவைச் சொல்வது 'மெகாபைட்'. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்! 100 மெகாபிட் வழியில் விநாடிக்குச் சுமார் 11 மெகாபைட்தான் நகரும். 100 ஜி.பி. போய்ச் சேர இரண்டரை மணி நேரம். அதுவே 1,000 மெகாபிட் வழியானால் கால் மணி நேரம்!

இதற்காக அதிக வேக இன்டர்நெட்டுக்குப் பணம் கட்டுவது வீண் செலவு. படம் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லையே!

பார்க்க வேண்டியது வயரை. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 1,000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். மலிவான வைஃபை பெட்டிகள் சிலவற்றில் வயர் செருகும் துளையே 100-க்கு மேல் தாங்காது. வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். வைஃபையில் அனுப்பினாலோ, நடுவில் ஒவ்வொரு சுவரும் வேகத்தைத் தின்னும்.

'கட்' வேண்டாம்

அவசரக்காரர்கள் 'கட்' செய்து ஒட்டுவார்கள். பாதியில் கரண்ட் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று தேட வேண்டியதுதான். 'காப்பி' செய்வதே நல்லது. முடிந்ததும் வீடியோவின் நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுப் பார்த்து, பிறகு பழையதை அழிக்கலாம். தாலி கட்டும் காட்சி மறுபடி கிடைக்குமா?

பெட்டியும் அதே வீட்டில்தானே இருக்கிறது? வெள்ளம் வந்தால் அதுவும் நனையும். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். 30 மெகாபிட் வேகத்தில் 100 ஜி.பி.யை இன்டர்நெட் வழியே அனுப்ப 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிறிய ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, செங்கோட்டையில் உள்ள அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனால் அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும்!