யவன தெய்வத்தின் பாதம்

ஆள் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதான ஒரு தெய்வத் திருவுருவத்தில், சொல்லிக்கொள்ளும்படி எஞ்சியது ஒரே ஒரு இடது பாதம். வெண்பளிங்கில் செதுக்கியது. பாதரட்சையின் வாரிலே வச்சிராயுதச் சின்னம் காண்கிறது. நேயர்களுக்கு இந்திரன் நினைவு வரலாம். ஆனால் இவர் யவனரின் தேவராஜன் ஜீயஸ் என்பது அறிஞர் பலரின் கருத்து.

ஆப்கானிஸ்தானத்தின் வடகோடியில், அமூ நதியும் கோக்சா நதியும் கூடும் முனையில், பாக்ட்ரிய நாட்டு யவன மன்னர்களின் அரண்மனை நகரம் ஒன்று இருந்தது. கி.மு. 145-ஐ ஒட்டி அது அழிந்தது. ஆய் கானூம், அதாவது 'சந்திர நாயகி', என்பது அவ்விடத்தின் இன்றைய பெயர். 1961-ல் அங்கே வேட்டைக்குப் போன அரசர் ஜாஹிர் ஷாவின் கண்ணில் யவன வேலைப்பாடுள்ள தூண் தலைப்பு ஒன்று பட்டது. பின்னர் பால் பெர்னார் என்பவர் தலைமையில் பிரெஞ்சு அறிஞர்கள் 1978 வரை அகழ்ந்தார்கள். நாடக அரங்கும், உடற்பயிற்சிக் கூடமும் வெளிப்பட்டன.

ஆனால் அந்தப் பாதம் கிடைத்த கோயிலோ யவனக் கோயிலாகவே இல்லை! தூண் வரிசை சூழ்ந்த கல் மாளிகைக்குப் பதில், பச்சைச் செங்கல்லால் எழுப்பிய கனத்த சுவர்கள். அவற்றில் பாபிலோனிய நாட்டு முறையில் அடுக்கடுக்காக உள்வாங்கிய மாடங்கள். பின்புறத்தில், திரவ நிவேதனம் வார்ப்பதற்காக மண்ணில் புதைத்த கலயங்களும் இருந்தன. ஆகவே, உள்ளே இருந்தவர் கீழ்நாட்டு மித்திரனோடு கலந்துவிட்ட ஜீயஸ் என்று கருதுவோரும் உண்டு. கும்பிட வந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் எழுந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

சிற்பியின் சங்கடம் வேறு. பளிங்கு அந்நாட்டில் அரிது. ஆகையால் கையும் காலும் போன்ற வெளித் தெரியும் அங்கங்களை மட்டும் பளிங்கில் செதுக்கி, மற்ற உடலை மரச்சட்டத்தின்மேல் களிமண்ணால் வனைந்தார்கள். கலை யவனருடையது, மேனி அந்த மண்ணுடையது. அதே கோயிலில் கிடைத்த பொன்முலாம் பூசிய வெள்ளித் தட்டில், சிங்கம் பூட்டிய ரதத்தில் சிபெலி தேவி வருகிறாள். அவளுக்குக் குடை பிடிக்கிறார் ஒருவர். மேலே சூரியன், பிறைச் சந்திரன், ஒரு நட்சத்திரம். அரண்மனையிலோ, 1970-ல், அகத்தோக்ளிஸ் என்னும் யவன மன்னனின் ஆறு வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் ஒருபுறம் கலப்பையேந்திய சங்கர்ஷணர்; மறுபுறம் சக்கரமேந்திய வாசுதேவர்!

1978-க்குப் பின் வந்த யுத்த காலத்தில், புதையல் தேடியவர்கள் நகரமெங்கும் குழி பறித்துவிட்டார்கள். காபூல் காட்சிசாலையிலிருந்த அந்தப் பாதமும் காணாமற் போயிற்று. அது எவ்வாறோ ஜப்பானை அடைந்தது. அங்குள்ள அன்பர்கள் அதை விற்பனைக்கு விடாமல் பாதுகாத்து, 2016-ல் ஆப்கானிஸ்தானத்திடமே ஒப்படைத்தார்கள்.