கதை படிப்பது பாவமா?

போன மாதம் ஒரு சபையின் வாலிபர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் பெயர்பெற்ற பிரசங்கி. "நாவல் என்பது அச்சடித்த பொய். விசுவாசி பொய்யைக் காசு கொடுத்து வாங்கலாமா?" என்று கேட்டார். சபை வாசகசாலையில் இருக்கும் நாவல்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார். அந்தப் பொய்யை எழுதியே இருபது வருஷமாகச் சோறு தின்கிற நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு அரைமணி முன்புதான் அவர் கெட்ட குமாரன் கதையைச் சொல்லிப் பலரைக் கண்கலங்க வைத்திருந்தார். அந்தக் குமாரனுக்கு எந்த ஊர்? தகப்பன் பெயர் என்ன? கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்த தேதி எந்தச் சரித்திரத்தில் இருக்கிறது? இயேசுநாதர் கட்டிச் சொன்ன கதை ஐயா அது! தனக்குப் பிறன் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு அவர் இலக்கணம் சொல்லவில்லை. எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைப் பற்றிக் கதை சொன்னார். குருநாதர் பேசிய பாஷையையா சீஷர் பொய் என்பது?

இதையெல்லாம் அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. 'நீர் கடைசியாக எந்த நாவலைச் சந்தோஷமாகப் படித்தீர்?' என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்வேன்? பல வருஷங்களாக நான் படிப்பது, தையற்காரன் அடுத்தவன் சட்டையைப் பார்ப்பது போலத்தான். தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்று தேடுவேன். சட்டை அழகாயிருக்கிறதா என்பது கண்ணில் படாது.

அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தேன். காலேஜில் இருந்த இரண்டு வருஷத்தில், பரீட்சைக்குப் பயந்து பாதியில் மூடிவைத்த 'கரமசோவ் சகோதரர்கள்' கைக்கு வந்தது. தாஸ்தாயெவ்ஸ்கி 1850-ல் கைதியாகச் சைபீரியாவுக்குப் போகும் வழியில் தமக்குக் கிடைத்த புதிய ஏற்பாட்டை 1881-ல் சாகும்வரை வைத்திருந்தவர். அப்படிப்பட்ட விசுவாசி, தம் கடைசி நாவலில் அவிசுவாசியான இவானுக்கு எப்பேர்ப்பட்ட வாதத்தைக் கொடுத்திருக்கிறார்! குழந்தைகள் படும் துன்பத்தை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் கிடையாது. எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பி அல்யோஷா வாதத்தில் ஜெயிக்கவில்லை. கடைசியில் அண்ணனை முத்தமிடுகிறான், அவ்வளவுதான். விடியும்வரை படித்தேன். தையலைத் தேட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. சின்ன வயதில் விளக்கடியில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே படித்தேனே, அந்த ருசி திரும்ப வந்துவிட்டது.

அந்த ருசியோடு லூக்கா 15-ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த கதைதான். மூத்த மகன் என்ன ஆனான்? ஆடல்பாடல் கேட்டும் உள்ளே போக மறுத்து வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து கெஞ்சுகிறார், கதை நின்றுவிடுகிறது. அவன் உள்ளே போனானா என்று சொல்லவே இல்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் இது எனக்குத் தெரிந்தது. வீட்டை விட்டு ஒருநாளும் போகாமல், ஒழுங்காக வேலை செய்து, சந்தோஷமே இல்லாமல் நிற்கிறவன் நான்தான்.

பிரசங்கம் இதைச் செய்யாதா? தாவீது ராஜாவிடம் நாத்தான் நேராகப் பிரசங்கம் செய்திருந்தால் அவர் தலை தப்பியிருக்குமோ என்னவோ! ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னார். ராஜா ருசித்துக் கேட்டான், கோபத்தில் கொதித்தான், தீர்ப்பும் சொன்னான். அந்தத் தீர்ப்பு தனக்கே என்பது அப்புறம்தான் தெரிந்தது.

குப்பை நாவல்கள் இல்லையா என்றால், மலைமலையாக இருக்கின்றன. கடைசி அத்தியாயத்தில் குடிகாரன் முழங்காலில் நின்று மனந்திரும்பும் நம்முடைய 'பக்திக் கதை'களையும் அதில்தான் சேர்ப்பேன். அந்த ஆசிரியர்கள் கையில் இவான் கிடைத்திருந்தால் இடி விழுந்து செத்திருப்பான்.

தமிழின் முதல் நாவலை 1879-ல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை ஒரு கிறிஸ்தவர். ஜான் பனியன் தம் மோட்ச யாத்திரைக் கதையை 1678-ல் அச்சிடுமுன், நண்பர்கள் சிலர் வேண்டாம் என்றுதான் தடுத்தார்கள். அவர்கள் பேச்சை அவர் கேட்டிருந்தால் 1894-ல் நமக்குக் கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' ஏது?

வாசகசாலை விஷயத்தை முடிவு செய்ய வருகிற ஞாயிறு மறுபடியும் கூடுகிறார்கள். நானும் போகிறேன். 'கரமசோவ் சகோதரர்கள்' அந்த அலமாரியில் இல்லை, பார்த்துவிட்டேன். கையோடு கொண்டுபோகிறேன்.