மரம் நம்ம வயல்ல... லாபம் மட்டும் ஏன் வேற இடத்துல?



உங்க ஊர்ல வரப்போரம் தேக்கு நட்டு வளர்த்தவர் ஒருத்தராவது இருப்பார். பொண்ணு கல்யாணத்துக்கு, பையன் படிப்புக்கு என்று இருபது முப்பது வருஷம் காத்திருந்த மரம். விற்கும் நாளில் என்ன நடக்குது? வியாபாரி வருவார், மரத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார், மொத்தமா ஒரு விலை சொல்வார். வெட்டுக்கூலி, ஏத்துக்கூலி, லாரி வாடகை, மில் கூலி எல்லாத்தையும் கழிச்சிட்டுத்தான் அந்த விலையே வரும். அதே மரம் பலகையா, நிலைச்சட்டமா மரவாடியில் நிற்கும்போது விலையைக் கேளுங்க. தலை சுத்தும்.

நடுவுல நடந்த பெரிய வேலை ஒண்ணுதான்: அறுப்பு.

கொஞ்சம் கணக்கு போடுவோமா? உருட்டு மரத்தை அளக்க மர வியாபாரத்தில் ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கு. சுற்றளவை நாலால் வகு, வந்ததை அதாலேயே பெருக்கு, பிறகு நீளத்தால் பெருக்கு. 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்கில் போட்டால் அதே மரம் சுமார் 12.7 கன அடி! அதாவது நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் கணக்கிலேயே வராது. பட்டை, வெளிப்பலகை, தூள் என்று சேதாரம் போகும், அதுக்காக வைத்த கழிவு இது. நியாயம்தான். ஆனா அந்த வெளிப்பலகை வேலிக்கும் விறகுக்கும் விலை போகுதே, அந்தக் காசு யாருக்கு? மரம் நம்ம நிலத்திலேயே அறுபட்டால் வெளிப்பலகை மாட்டுக்கொட்டகைக்கு, சிறாய் அடுப்புக்கு, தூள் மாட்டுக்குப் படுக்கையா. எதுவும் வெளியே போகாது.

இதுக்குத்தான் நகரும் மர அறுவை இயந்திரம். டிராக்டர் பின்னாடி இழுத்துட்டுப் போகலாம். இரண்டு தண்டவாளம், நடுவில் மரத்தைக் கிடத்திப் பூட்டுவாங்க, பட்டை ரம்பம் பொருத்திய தலைப்பகுதி மேலே ஓடி வந்து பலகை பலகையா சீவும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பப்புவா நியூ கினி என்று பல நாடுகளில் நில உரிமையாளர்கள் இதைப் பயன்படுத்துறாங்க. செயின்சா வைத்து பலகை அறுத்தால் ஒவ்வொரு கீறலிலும் சுமார் 8 மில்லிமீட்டர் மரம் தூளாப் போகும். பட்டை ரம்பத்தில் 2 முதல் 3 தான். பத்துக் கீறலுக்கு இரண்டு அங்குல மரம் மிச்சம். யோசனையும் நமக்குப் புதுசு இல்ல. மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் நின்று பெரிய வாள் இழுத்து வீட்டு வாசலிலேயே உத்திரம் அறுத்தவர்கள் நம்ம தாத்தா காலத்து ஆட்கள்.

அப்புறம் ஏன் இங்கே பரவலா இல்ல? இயந்திர சக்தியில் மரம் அறுக்க உரிமம் வேணும். அந்த உரிம முறை ஓரிடத்தில் நிற்கும் மில்லை மனசுல வைத்து எழுதினது.

கட்டுப்பாடு வந்ததுக்குக் காரணம் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. 1995-ல் நீலகிரி கூடலூர் பகுதியில் காடு அழிவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, காட்டு மரம் வெட்டுவதற்கு நாடு முழுக்கக் கடிவாளம் போட்டது. 2002-ல், முன் அனுமதி இல்லாமல் புது மில் திறக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. 2016-ல் மர ஆலைகளுக்கென்றே மத்திய அரசு வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. காடு பிழைத்தது இதனால்தான். ஆனால் காட்டு மரத் திருடனுக்குப் போட்ட பூட்டு, பட்டா நிலத்தில் தேக்கு வளர்த்தவர் வீட்டுக் கதவிலும் தொங்கணுமா? நம்ம கேள்வி அவ்வளவுதான்.

கஜாவை மறந்திருக்க மாட்டீங்க. 2018 நவம்பர் 16. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவே கையிலிருந்து காசு போட்டவர்கள் எத்தனை பேர்! கிடந்து அழுகும் தென்னை காண்டாமிருக வண்டுக்கு வீடு, தப்பிப் பிழைத்த மரத்துக்கும் ஆபத்து. அதற்கு ஐந்து வருஷம் முன்னாடி, 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸை ஹையான் புயல் அடித்தபோது, விழுந்த தென்னையை அங்கேயே அறுத்து வீடு கட்டப் பயன்படுத்தினாங்க. தென்னையில் வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோறு. பிரிச்சு அறுக்கத் தெரியணும், சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கும், கடினமுனைப் பல் வேணும். இதெல்லாம் தீர்க்க முடியாத பொறியியல் சிக்கலா? இல்லவே இல்ல. புயல் வந்த பிறகு தேடினால் கிடைக்காது, முன்னாடியே இயந்திரமும் பயிற்சி பெற்ற ஆளும் மாவட்டத்தில் இருக்கணும்.

நாம் கேட்பது நாலே விஷயம்:

✅ பட்டா நில மரத்துக்கு மட்டும், நகரும் அறுவை இயந்திரத்துக்குத் தனி உரிமம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பதிவு எண், ஜிபிஎஸ் கருவி.

✅ அறுக்கும் முன் சர்வே எண், மர வகை, எண்ணிக்கை ஆன்லைனில் பதிவு. கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்கட்டும்.

✅ காப்புக்காட்டின் ஓரத்தில் அனுமதி கிடையாது. மலைப்பகுதிக்கு 1955-ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே இருக்கட்டும். சந்தனத்துக்கும் ஈட்டிக்கும் இதில் இடம் வேண்டாம்.

✅ டிராக்டர், புல்டோசர் வாடகைக்குத் தரும் வேளாண் பொறியியல் துறையின் பட்டியலில் இந்த இயந்திரமும் சேரணும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு மானியத்தில் கொடுங்க.

ஒண்ணு நாமும் மனசுல வைக்கணும். அறுத்த அன்னைக்கே பச்சையா வித்தா பெரிய லாபம் வராது. நிழலில், காத்தோட்டமா, பலகைக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி மாதக்கணக்கில் காய விடணும். இல்லன்னா வளையும், வெடிக்கும். அதனால இயந்திரத்தோட பயிற்சியும், உலர்த்த ஊருக்கு ஒரு கொட்டகையும் சேர்ந்தே வரணும்.

காட்டைக் காக்கும் சட்டம் வேண்டும். வளர்த்தவன் வயிற்றில் அடிக்காத சட்டமாகவும் அது இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும்.

உங்க ஊர்ல மரம் வளர்ப்பவர்களுக்கு இதை அனுப்புங்க. கடைசியா எந்த மரத்தை, எத்தனை கன அடி, என்ன விலைக்கு வித்தாங்க என்று கேட்டு கமெண்டில் எழுதுங்க. கோரிக்கை மனுவோடு அந்தக் கணக்கும் போய்ச் சேரட்டும்.

#வளர்த்தவருக்கே_மரம்
#வயலிலேயே_அறுப்போம்

– தகவல் தொழில்நுட்ப அணி