நாலு கோடி ரூபாய் பாட்டில்

பிரான்ஸில் பர்கண்டி பக்கம் வோன்-ரொமானே என்று ஒரு கிராமம். அங்கே நாலரை ஏக்கர் திராட்சைத் தோட்டம், ரொமானே-கோன்ட்டி. 1760-ல் அதை வாங்கிய கோன்ட்டி இளவரசரின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில் சிவப்பு ஒயின் தேறும். 2018-ல் நியூயார்க் ஏலத்தில் இதன் 1945-ம் வருஷ பாட்டில் ஒன்று 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் நாலு கோடி ரூபாய். ‘ஒரு பாட்டிலுக்கா?’ என்று அலறாதீர்கள். இருமல் மருந்து குடிக்கிற டீஸ்பூனால் அளந்தால், ஸ்பூனுக்கு இரண்டே முக்கால் லட்சம்.

பி.காம். படித்தவனுக்கு டிமாண்ட், சப்ளை என்று இரண்டு வார்த்தை போதும். ஆனால் இந்த சப்ளைக்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்கிற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை, நம் ஒட்டு மாங்கன்று மாதிரி, ஒட்டவைத்துத் தப்பித்தார்கள். ரொமானே-கோன்ட்டிக்காரர்களோ மண்ணுக்குள் மருந்து செலுத்தி, பழைய கொடிகளைப் பிடிவாதமாகக் காப்பாற்றி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மருந்துக்கும் ஆளுக்கும் பஞ்சம். 1945-ல் அறுநூறு பாட்டில்தான் தேறியது. அதோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டு, ஒட்டுக்கொடி நட்டார்கள். 1946 முதல் 1951 வரை ஒயினே கிடையாது. யாராவது ‘ரொமானே-கோன்ட்டி 1949’ என்று விற்க வந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

செய்முறை பெரிய ரகசியம் இல்லை. மண் ரொம்பச் செழிப்பாக இருந்தால் கொடி இலையாக விட்டுத் தள்ளும். சுண்ணாம்புக்கல் சரிவில் கஷ்டப்படுகிற கொடிதான் கொஞ்சமாக, ஆனால் அழுத்தமாகக் காய்க்கிறது. டிராக்டர் ஏறினால் மண் இறுகும் என்று குதிரை பூட்டி உழுகிறார்கள். பினோ நுவார் என்கிற கறுப்புத் திராட்சை. உரித்துப் பார்த்தால் உள்ளே நிறமே இல்லை. சிவப்பு முழுக்கத் தோலில்தான். அதனால் தோலோடு ஊறப்போடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும்போது கிளம்புகிற கரியமில வாயு தோலை மேலே தள்ளும். அதைத் தினமும் கீழே அமுக்க வேண்டும். பாக்கு மென்ற மாதிரி நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் தோல், விதை உபயம். அப்புறம் ஓக் பீப்பாயில் ஒன்றரை வருஷம் போலத் தூக்கம்.

ருசி பார்ப்பதும் ஒரு தொழில். நிறம் பார்த்து, கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் வாயிலேயே உருட்டி... துப்பிவிடுவார்கள்! (நம் ஊரில் கேட்டால் கண்ணீர் விடுவார்கள்.) போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளையே எழுதினார்கள். ஆய்வு 2001-ல் வெளியானது.

இந்த பலவீனத்தில் கடை விரித்தவர் ருடி குர்னியவான். இந்தோனேஷியாக்காரர். கலிபோர்னியா வீட்டில் ஒயின்களைக் கலந்து, பழைய லேபிள் ஒட்டிக் கோடீஸ்வரர்களிடம் விற்றார். ருசித்தவர்கள் சொக்கிப்போனார்கள். 2008-ல் ஏலத்துக்கு வந்த போன்ஸோ நிறுவனத்தின் குளோ சேன்-தெனி பாட்டில்களில் 1945 முதல் 1971 வரை வருஷம் போட்டிருந்தது. அந்தத் தோட்டத்தில் போன்ஸோ ஒயின் எடுக்க ஆரம்பித்ததே எண்பதுகளில்தான். லோரன் போன்ஸோ நேரே நியூயார்க்குக்கு வந்து ஏலத்தை நிறுத்தினார். குர்னியவானைப் பிடித்துக் கொடுத்தது நாக்கு இல்லை ஸார், கணக்கு. 2012-ல் கைது, வீட்டில் ஆயிரக்கணக்கில் போலி லேபிள்கள். 2014-ல் பத்து வருஷ ஜெயில்.

2015-ல் அவருடைய போலிப் பாட்டில்கள் ஐந்நூறுக்கு மேல் டெக்ஸாஸில் நசுக்கப்பட்டன. நசுக்குவதற்கு முன்னால் ஒரு ஸ்பூன் ருசி பார்க்க ஆள் தேடியிருந்தால் நான் போயிருப்பேன். துப்பியிருக்க மாட்டேன்.