மாடியேறிய தெரு

அடுக்குமாடி வந்தது, அண்டை அயல் உறவு அழிந்தது என்று இலக்கிய நண்பர்கள் ஓயாமல் அங்கலாய்க்கிறோம். கீரனூர்க்காரர்களாகிய நமக்கு இந்தப் புலம்பல் பொருந்துமா? ஒரே மதத்தாரைக்கூடத் தெரு எவ்வாறு மேல், கீழ் என்று பிரிக்கிறது என்பதைக் கீரனூர் ஜாகிர்ராஜா ‘மீன்காரத் தெரு’வில் எழுதிக் காட்டிவிட்டார். அதன் பின்னும் தெருவை இழந்த சொர்க்கமாகப் பாட நாம் கூசவில்லை.

உண்மையில் தெரு அழியவில்லை, மாடியேறியிருக்கிறது. மும்பைக்குப் பிழைக்கப் போனவர்களைக் கேளுங்கள். அங்கே பழைய கூட்டுறவுக் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்கப் பணம் மட்டும் போதாது. சங்கத்தின் பங்கும் உறுப்பினர் தகுதியும் வேண்டும். காம்தேவியில் 1915இல் தோன்றிய முன்னோடிச் சங்கமே சாரஸ்வத் சமூகத்தாருக்கானது. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கிலோ, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

சிறுபான்மையினர் தம்மைக் காத்துக்கொள்வது குற்றமா என்பர் சிலர். அவர்களின் அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதே விதி பெரும்பான்மையினரின் கைக்குப் போனால் என்னவாகும்? ஊரில் சாடைமாடையாக விசாரித்ததை அங்கே விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

அடுத்த வீட்டார் நம்மை அறியாதிருப்பதை ஒரு துயரமாக இனியும் எழுதாதிருப்போம். நாம் இன்னார் என்று அறிந்த பிறகே கதவு திறக்கும் வீடுகளைப் பற்றி எழுதுவோம்.